வீட்டுப் பட்டறைக்கு முதல் லேத், முதல் மில்லிங் மெஷின்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

தெரிந்த டர்னர் யாரிடமாவது போய், “வீட்டில் ஒரு லேத் போடலாம் என்று இருக்கிறேன், எது வாங்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு முன் ஒரு கேள்வி வரும்: “என்ன வேலைக்குங்க?” இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் கேட்லாக் புரட்டுகிறவர்கள்தான் அதிகம். ஹெச்.பி., கம்பெனி, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டி முழுவதையும் எழுதுகிறேன். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமோ சென்னையில் அம்பத்தூர் பக்கமோ குடியிருப்பவருக்கு ஆறடி லேத்தும் ஷேப்பிங் மெஷினும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும். சிறு நகரங்களிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு லேத் பட்டறையாவது இருக்கும். ஆகவே வீட்டில் போடும் மெஷின் எல்லா வேலையையும் செய்தாக வேண்டியதில்லை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய ஷாஃப்டைப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அவர் சலிப்போடு மறுக்கிற, பத்துத் தடவை திருத்தித் திருத்திச் செய்ய வேண்டிய சின்ன வேலைகளுக்குத்தான் உங்கள் மெஷின்.

படி 1: வேலைப் பட்டியல்

ஒரு தாளில் நீங்கள் செய்ய நினைக்கும் பத்துப் பொருள்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் வேண்டும்: எந்த உலோகம், அதிகபட்ச விட்டம், அதிகபட்ச நீளம், எத்தனை மில்லிமீட்டர் துல்லியம். மாடல் ஸ்டீம் இன்ஜினுக்கு ஃப்ளைவீல், பைக்குக்கு புஷ், டெலஸ்கோப் மவுன்ட்டுக்குப் பித்தளைக் குமிழ், தையல் மெஷினுக்கு உதிரி என்று எதுவாக இருந்தாலும் சரி. எழுதி முடித்ததும் மிகப் பெரிய ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள், அது பட்டறைக்குப் போகட்டும். மீதி ஒன்பதில் பெரியது எதுவோ, அதைவிட ஒன்றரை மடங்கு கொள்ளளவுள்ள மெஷின் உங்களுக்குப் போதும்.

துல்லியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 0.01 மி.மீ. வேண்டும் என்று எல்லோரும் எழுதுவார்கள். பேரிங் உட்காரும் இடத்துக்கு அது தேவை. குமிழுக்கும் ஸ்பேசருக்கும் 0.1 தாராளம்.

படி 2: கரண்ட், தரை, கதவு

மெஷினைப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு வருவது சிங்கிள் பேஸ், 230 வோல்ட். பட்டறை மெஷின்களில் இருப்பது 415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டார். இதைப் பார்த்துப் பயந்து நல்ல பழைய லேத்தைக் கைவிட வேண்டாம், மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மோட்டாரையே மாற்றி சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் மோட்டார் போடுவது. மலிவு. ஆனால் சுற்றும்போதே ரிவர்ஸ் போட முடியாது, முழுதாக நின்ற பிறகே திருப்ப வேண்டும். இரண்டாவது, த்ரீ பேஸ் இணைப்பே வாங்குவது. இடம் சொந்தமாக இருந்து, அதிகம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இது சரி. வீட்டு இணைப்பில் காசுக்கு ஜாப் ஒர்க் செய்தால் கட்டண வகை மாறும் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முன்பே பேசிவிடுங்கள்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: வி.எஃப்.டி. 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸாகக் கொடுக்கும் பெட்டி இது. மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். 2 ஹெச்.பி. வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டவை. ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் உண்மையில் கிடைப்பது சுமார் 240 வோல்ட்தான். ஆகவே ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், பட்டைகளை மாற்றி டெல்டாவாகப் போட்டதும் அதே மோட்டார் வி.எஃப்.டி.யின் 230 வோல்ட்டில் முழுச் சக்தியோடு ஓடும். மூன்று முனைதான் வெளியே வருகிறது என்றால் வைண்டிங் கடைக்காரர் பிரித்து எடுத்துத் தருவார். 5 ஹெச்.பி. மோட்டார்கள் வழக்கமாக 415 வோல்ட்டிலேயே டெல்டாவில் இருப்பவை, இந்த வித்தை அங்கே பலிக்காது. இன்னொன்று: வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையில் பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சை வைக்கக் கூடாது. ஓடும்போது அந்த இணைப்பைத் துண்டித்தால் டிரைவ் போய்விடும். அந்தக் கைப்பிடியை வி.எஃப்.டி.யின் கன்ட்ரோல் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தரை விஷயம் எளிது. நூறு கிலோவைத் தாண்டினால் தரைத்தளம், கான்கிரீட். மொட்டை மாடி ஷெட்டில் லேத் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஐம்பது கிலோ வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கதவின் அகலம், சந்தின் அகலம், வண்டி வந்து நிற்கும் இடம் மூன்றையும் டேப் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அளவுச் சொற்களைப் புரிந்துகொள்வது

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், காரணமும் நியாயமானது. நம் சந்தையில் லேத்தை அடியில் சொல்வார்கள்: நாலரை அடி, ஆறடி. அது பெட்டின், அதாவது மற்ற பாகங்கள் உட்காரும் அடித்தண்டவாளத்தின், மொத்த நீளம். பொருளைச் சுற்றும் ஹெட்ஸ்டாக்கும் அதன் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்ந்த பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். நாலரை அடி லேத்தில் நாலரை அடிக் கம்பியைக் கடைய முடியாது, இரண்டடியைச் சற்றுத் தாண்டியதோடு சரி.

அகலத்திலும் இதே குழப்பம். இந்திய மெஷினில் சொல்வது சென்டர் ஹைட், அதாவது பெட்டிலிருந்து ஸ்பிண்டில் (சுற்றும் அச்சு) மையம் வரையுள்ள உயரம். சீன மெஷினில் சொல்வது ஸ்விங், அதாவது சுற்றக்கூடிய முழு விட்டம். 6½ அங்குல சென்டர் ஹைட் உள்ள லேத்தும் 13 அங்குல ஸ்விங் உள்ள லேத்தும் ஒன்றே. ஆனால் இரண்டுமே பெட்டின் மேல் எடுத்த கணக்கு. நீளமான ஜாப் (கடையும் பொருள்) டூலைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே சுற்ற வேண்டும், அங்கே கிடைக்கும் விட்டம் ஸ்விங்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விற்பவரிடம் அந்த எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

படி 4: நான்கு வகை லேத், யாருக்கு எது

ஷாங்காயின் சீக் போன்ற கம்பெனிகள் செய்து, உலகம் முழுக்க வெவ்வேறு பெயிண்ட்டில் விற்கப்படும் 7×14 மினி லேத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 180 மி.மீ. ஸ்விங், 350 மி.மீ. நீளம், எடை 40 கிலோ சொச்சம், ஸ்பிண்டில் ஓட்டை 20 மி.மீ. பித்தளை, அலுமினியம், 20 மி.மீ.க்குள் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்றால் சந்தோஷமாக வேலை செய்யும். கடிகாரம், மாடல், எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றது. வாங்கி வந்ததும் ஓட்டலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். பிரித்து, துடைத்து, ஜிப் (ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் பட்டை) எல்லாம் சரி செய்து, திரும்பப் பூட்ட வேண்டிய ஒரு கிட் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்தது 100 முதல் 150 கிலோ வரையுள்ள பெஞ்ச் லேத். 210 அல்லது 250 மி.மீ. ஸ்விங், 400 முதல் 550 மி.மீ. நீளம். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கிவிடலாம், சிங்கிள் பேஸில் ஓடும், எம்.எஸ்.ஸில் 1 மி.மீ. கட் எடுக்கும். அபார்ட்மென்ட் தரைத்தளமோ கார் ஷெட்டோ உள்ளவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, லூதியானா, படாலா, ராஜ்கோட் பக்கமிருந்து வரும் நாலரை அடி லைட் டியூட்டி லேத். கோன் புல்லி, வார்ப்பிரும்பு பெட், சில நூறு கிலோ எடை. கொடுக்கும் காசுக்கு இரும்பு அதிகம். தரம்தான் மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த இரண்டு மெஷினில் ஒன்று அருமையாகவும் இன்னொன்று டெயில்ஸ்டாக் மையமே சேராமலும் இருக்கக்கூடும். ஆகவே கேட்லாக்கைப் பார்த்து ஆர்டர் போடாமல், நிற்கும் மெஷினை நேரில் சோதித்து, அதே மெஷினைத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். இதில் உள்ள பெரிய சௌகரியம், எந்தப் பாகம் போனாலும் உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம் என்பது.

நான்காவது, பழைய தொழிற்சாலை லேத். 1953இல் பெங்களூரில் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் எல்.பி.17, என்.ஹெச்.22 போன்றவை, ஹரிஹரில் இருந்த மைசூர் கிர்லோஸ்கரின் மெஷின்கள். இவற்றின் பெட்டும் கியரும் வேறு தரம். தேய்ந்த ஹெச்.எம்.டி. புதிய லைட் டியூட்டியை விட மேல் என்று பட்டறைக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, தேய்மானம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. எடை டன் கணக்கு, மோட்டாரும் பெரியது. தனி ஷெட்டும் த்ரீ பேஸும் உள்ளவர் தவிர மற்றவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

இந்த நான்கையும் பிரிக்கிற ஒரே அளவுகோல் எடை. கட்டிங் டூல் உலோகத்தைத் தள்ளும்போது உலோகமும் டூலைத் திருப்பித் தள்ளுகிறது. இரும்பு குறைந்த மெஷின் அந்தத் தள்ளலில் வளைந்து அதிர்கிறது. அதுதான் ஜாபில் அலை அலையாகத் தெரியும் சேட்டர். டிஜிட்டல் டிஸ்ப்ளே, கலர் பட்டன் எதுவும் இதற்கு மருந்தாகாது. ஒரே விலையில் இரண்டு மெஷின் இருந்தால் கனமானதை எடுங்கள்.

படி 5: கட்டாயம் பார்க்க வேண்டிய அம்சங்கள்

ஸ்பீடில் தொடங்குவோம். கணக்கு இதுதான்: வெட்டும் வேகத்தை 318ஆல் பெருக்கி, மி.மீ. விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வைத்துக்கொண்டால், 25 மி.மீ. கம்பிக்கு 318 ஆர்.பி.எம். 6 மி.மீ. கம்பிக்கு 1,300க்கு மேல். 150 மி.மீ. வார்ப்பிரும்பு தட்டுக்கு, 20 மீட்டர் கணக்கில், வெறும் 42. பெரும்பாலானவர்கள் அதிகபட்ச ஸ்பீடைத்தான் கேட்கிறார்கள், குறைந்தபட்ச ஸ்பீடைக் கேட்பதில்லை. எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோல் மட்டுமே உள்ள மெஷின் 50 ஆர்.பி.எம்.மில் சுற்றும், ஆனால் டூல் தொட்டதும் நின்றுவிடும். பெல்ட்டையோ கியரையோ மாற்றி வேகத்தைக் குறைக்கிற வசதி இருந்தால்தான் அந்த வேகத்தில் இழுவை கிடைக்கும். பழைய லேத்தில் பேக் கியர் இருப்பதும் இதற்குத்தான். வி.எஃப்.டி. போட்டவர்களும் பேக் கியரைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம்.

அடுத்தது சக்கை (ஜாபைக் கவ்வும் பிடி) ஸ்பிண்டிலில் பூட்டும் முறை. பல நாலரை அடி லேத்துகளில் ஸ்பிண்டில் மூக்கில் மரை, அதில் சக்கைத் திருகிப் பூட்டுவது. எளிது, ஆனால் வேகமாக ரிவர்ஸில் ஓட்டினாலோ திடீரென்று பிரேக் போட்டாலோ சக் கழன்று வரும். திருகாமல் பின்களால் பூட்டும் கேம்லாக் இருந்தால் இந்தப் பயம் இல்லை. மரை வகை என்றால் ரிவர்ஸில் கட் எடுக்காமல் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்பிண்டில் ஓட்டை பெரிதாக இருந்தால் நீளக் கம்பியை உள்ளே விட்டு முனையை மட்டும் கடையலாம். 20 மி.மீ. ஓட்டை போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். 35 இருந்தால் நிம்மதி.

மரை வெட்டுவதில் ஒரு நுணுக்கம். பழைய இந்திய லேத்துகளின் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) பெரும்பாலும் அங்குலக் கணக்கு, ஓர் அங்குலத்துக்கு 4 மரை. நமக்குத் தேவைப்படுவதோ எம்8, எம்10 என்று மெட்ரிக். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. ஆகவே 127 பல் கியர் ஒன்று செட்டில் இருந்தால்தான் சுத்தமான மெட்ரிக் மரை வரும். மெஷினோடு சேஞ்ச் கியர்கள் எத்தனை, அதில் 127 இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இந்த ஏற்பாட்டில் மெட்ரிக் மரை வெட்டும்போது லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டை விடுவிக்காமல், டூலை வெளியே இழுத்து, மெதுவான ரிவர்ஸில் சேடிலை (டூலைச் சுமந்து பெட்டில் நகரும் பாகம்) திரும்பக் கொண்டுவர வேண்டும். டூல் வெட்டாமல் திரும்புகிற வரை மரை வகைச் சக்குக்கும் இதில் ஆபத்தில்லை.

படி 6: பழைய லேத்தைச் சோதிப்பது

கையில் ஒரு மேக்னடிக் ஸ்டாண்டு, 0.01 மி.மீ. டயல் கேஜ், டார்ச், ஒன்றரை அடி 40 மி.மீ. எம்.எஸ். கம்பி. முடிந்தால் முப்பது வருடம் ஹேண்டில் பிடித்த ஒரு அண்ணனையும் கூட்டிப் போங்கள். டீயும் பஸ் செலவும் கொடுத்தால் லட்ச ரூபாய்த் தப்பைத் தடுப்பார்.

புது பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பெயிண்ட் போக முடியாத இடங்களில்தான் மெஷினின் வயசு தெரியும்: கியர்ப் பல், லீட் ஸ்க்ரூவின் மரை, ஹேண்டில் துளைகள்.

பெட் தேய்மானத்துக்கு ஒரு பழைய சோதனை. சேடிலைச் சக் அருகே கொண்டுபோய், சேடில் லாக் போல்ட்டை லேசாக இறுக்கி, கைச்சக்கரத்தில் மெலிதான பிடிப்பு தெரியும்படி வையுங்கள். பிறகு டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப்போக இறுகி நின்றுவிட்டால், சக் பக்கம் பெட் தேய்ந்து குழிந்திருக்கிறது என்று பொருள், ஏனென்றால் எல்லோரும் வேலை செய்வது அந்த ஓரடியில்தான். பெட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் படிக்கட்டுபோல் தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

“பெட் கிரைண்டிங் போட்டது சார்” என்று பெருமையாகச் சொல்வார்கள். கிரைண்டிங் போட்டால் பெட் உயரம் குறையும். சேடிலும் டெயில்ஸ்டாக்கும் கீழே இறங்கும், ஹெட்ஸ்டாக்கும் லீட் ஸ்க்ரூவும் இருந்த இடத்திலேயே இருக்கும். சக்கில் டயலைக் கட்டி டெயில்ஸ்டாக் பேரலைச் சுற்றிச் சுழற்றிப் பாருங்கள், எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்திருந்தால் நல்ல வேலை. கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் விலையில் குறையுங்கள்.

ஸ்பிண்டிலுக்கு இரண்டு சோதனை. சக்கைக் கழற்றிவிட்டு உள்பக்க டேப்பரில் (கூம்புத் துளையில்) டயல் வைத்துக் கையால் சுற்றுங்கள், 0.01க்குள் இருந்தால் அருமை, 0.03 தாண்டினால் யோசியுங்கள். பிறகு கம்பியைச் சக்கில் பிடித்து, ஸ்பிண்டில் மேல் டயல் வைத்து, கம்பியைக் கையால் மேலே தூக்குங்கள். முள் கணிசமாக ஏறி இறங்கினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. டேப்பர் ரோலர் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்யலாம். கன்மெட்டல் புஷ் தேய்ந்திருந்தால் செலவு.

ஹாஃப் நட், கிராஸ் ஸ்லைடு நட் இரண்டும் தேய்வது இயல்பு. கைப்பிடியில் கால் சுற்று ஆட்டம் இருந்தால் பேரம் பேச ஒரு காரணம், வாங்காமல் விடக் காரணமில்லை. உடைந்த கியர்ப் பல், ஹெட்ஸ்டாக் வார்ப்பில் வெல்டிங் போட்ட தழும்பு இவற்றுக்குத்தான் திரும்பி வந்துவிட வேண்டும். கடைசியாக, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா ஸ்பீடிலும், ஆட்டோ ஃபீடிலும். “கரண்ட் இல்லை, நாளைக்கு வாங்க” என்றால் நாளைக்கே போங்கள்.

படி 7: கொண்டுவருதல், உட்கார வைத்தல்

லேத்தின் பாரம் முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கமும் மேலேயும் இருக்கிறது. பார்ப்பதற்குத் திடமாக நிற்கும், சாய்த்தால் சட்டென்று கவிழும். சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் வலது கோடிக்குத் தள்ளிப் பூட்டினால் பாரம் கொஞ்சம் சமமாகும். கயிற்றை லீட் ஸ்க்ரூவிலோ ஸ்பிண்டிலிலோ போட விடாதீர்கள், பெட்டின் அடியில்தான். இறக்குவதற்கு மெஷின் ஷிஃப்டிங் செய்யும் ஆட்களையே கூப்பிடுங்கள். செயின் பிளாக்கும் பைப் உருளையும் வைத்து அவர்கள் அரை மணியில் முடிப்பதை நான்கு நண்பர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் செய்வார்கள்.

பெட்டில் முறுக்கு இல்லாமல் உட்கார வைப்பதுதான் உண்மையான வேலை. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் கிடைத்தால் பெட்டின் குறுக்கே இரண்டு கோடியிலும் வைத்து ஒரே அளவு வரும்படி கால் போல்ட்டுகளைத் திருப்புங்கள். லெவல் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, மெஷினே சொல்லும். கம்பியைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், இரண்டு முனையிலும் மட்டும் காலர்போல விட்டு நடுவைக் குறைத்துக் கடையுங்கள். பிறகு ஒரே அமைப்பில் இரண்டு காலரிலும் மெல்லிய கட் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02க்குள் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். வெளி முனை பெரிதாக வந்தால் டெயில்ஸ்டாக் கோடியில் உங்கள் பக்கத்துக் காலை மயிரிழை உயர்த்துங்கள், சின்னதாக வந்தால் தாழ்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட் எடுத்தே அளக்க வேண்டும். கான்கிரீட் புதிதென்றால் சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

சென்னை, தூத்துக்குடி, நாகை என்று கடற்காற்று படும் ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் பெட் சிவந்துவிடும். வேலை முடிந்ததும் சிப்ஸைப் பிரஷ்ஷால் தள்ளி, 68 கிரேடு ஸ்லைடு ஆயில் தடவி, எண்ணெய் நனைந்த பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், உள்ளே வியர்த்து அதுவே துருவைக் கொண்டுவரும்.

உடுப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இது. வீட்டில்தானே என்று லுங்கியோடு, தோளில் துண்டோடு லேத் முன் நிற்காதீர்கள். கையில் கட்டிய சாமிக் கயிறு, மோதிரம், கழுத்துச் சங்கிலி, துப்பட்டா எதுவும் கூடாது. கிளவுஸும் கூடாது. சுற்றும் சக் துணியைப் பிடித்தால் கையோடு இழுத்துக்கொள்ளும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போடுவது இன்னொரு பழைய விபத்து: சாவியைக் கையிலிருந்து விடுவதென்றால் அது சக்குக்கு வெளியே இருக்க வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி எப்போதும்.

படி 8: மெஷினுக்கு மேல் ஆகும் காசு

லேத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் பாதியையாவது டூல்ஸுக்கு ஒதுக்குங்கள். மூன்று ஜா (தாடை) சக்கோடு நிறுத்திவிடாதீர்கள், நான்கு ஜா இன்டிபெண்டன்ட் சக்தான் முக்கியம். மூன்று ஜாவில் 0.05 முதல் 0.1 வரை ஆட்டம் வருவது சாதாரணம். நான்கு ஜாவில் டயல் வைத்து 0.01க்குக் கொண்டுவரலாம், சதுரம், கோணல் வார்ப்பு எல்லாவற்றையும் பிடிக்கலாம். டெயில்ஸ்டாக்குக்கு டிரில் சக், ரிவால்விங் சென்டர். பார்ட்டிங் டூல். 0.01 மைக்ரோமீட்டர் 0-25, ஒரு வெர்னியர்.

டூல் பிட்டில் ஹெச்.எஸ்.எஸ்.ஸிலேயே தொடங்குங்கள். மிராண்டா போன்ற பிட்டுகள் சென்னை பாரிமுனையின் டூல்ஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். பெஞ்ச் கிரைண்டரில் நீங்களே தீட்டலாம், சிறிய மெஷினின் குறைந்த வேகத்துக்கும் சக்திக்கும் அதுதான் ஒத்துப்போகும். கார்பைடு இன்செர்ட்டுக்கு எம்.எஸ்.ஸில் 100 மீட்டர் வேகமாவது வேண்டும், 25 மி.மீ. கம்பிக்கு 1,200 ஆர்.பி.எம்.முக்கு மேல். மினி லேத் அங்கே திணறும்.

படி 9: மில்லிங் மெஷின், கொஞ்ச நாள் கழித்து

இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். லேத்தில் சில மாதம் ஓட்டினால் மில்லிங் இல்லாமல் எந்த வேலை நிற்கிறது என்று தெரியும், டேபிள் அளவை அந்த அனுபவம் முடிவு செய்யட்டும். அதுவரை லேத்தின் கிராஸ் ஸ்லைடில் பூட்டும் வெர்டிக்கல் ஸ்லைடு சின்ன கீவே (ஷாஃப்டில் சாவி உட்காரும் காடி), ஸ்லாட் வேலைகளைச் சமாளிக்கும். லேத், மில்லிங், டிரில்லிங் மூன்றும் ஒன்றாக என்று வரும் காம்பினேஷன் மெஷினை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றிலும் அரைகுறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் செட்டிங்கைக் கலைக்க வேண்டும்.

டிரில்லிங் மெஷினில் கிராஸ் வைஸ் போட்டு மில்லிங் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிரில் சக் வெறும் டேப்பர் பிடிப்பில் நிற்கிறது. டிரில்லிங்கில் விசை மேல்நோக்கி வருவதால் அது இறுகும். மில்லிங்கில் பக்கவாட்டு விசையும் அதிர்வும் சேர்ந்து டேப்பரைத் தளர்த்தும், சுற்றிக்கொண்டிருக்கும் சக் கட்டரோடு கழன்று விழும். மில்லிங் மெஷினில் டிரா பார் என்று ஒரு போல்ட் மேலிருந்து இறுக்கிப் பிடிப்பது இதற்காகத்தான்.

மினி மில்லில் தொடங்குவோம். 50, 60 கிலோ. அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் போதும், எம்.எஸ்.ஸில் 0.5 மி.மீ.க்கு மேல் போனால் உதறும். பெஞ்ச் லேத் வாங்கியவருக்கு அடுத்த நிலையான 150 கிலோ அளவிலுள்ள டவ்டெயில் காலம் (சரிவுத் தடமுள்ள தூண்) மெஷின் நல்ல ஜோடி. விலையைப் பார்த்து ரவுண்ட் காலம் மில்லிங்-டிரில்லிங் பக்கம் மனம் போகும். நீளமான டிரில்லிலிருந்து குட்டையான கட்டருக்கு மாறும்போது ஹெட்டைத் தளர்த்தி இறக்க வேண்டி வரும், உருண்டைத் தூணில் அது பக்கவாட்டிலும் திரும்பிவிடும். பிடித்து வைத்த மையம் போய்விடும். டவ்டெயில் காலத்தில் ஹெட் நேராகவே இறங்கும். தூண் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்தக் குறை தீராது.

இடமும் தரையும் இருந்தால், டூல் ரூம்களில் எம்1டிஆர் என்று சொல்லும் டரட் மில்லிங் மெஷின். டேபிளே ஏறி இறங்கும், ஹெட்டைச் சாய்க்கலாம், எடை ஏறக்குறைய ஒரு டன். நிற்க ஆறரை, ஏழடி உயரம் வேண்டும் என்பதால் ஷெட்டின் கூரையை அளந்துவிடுங்கள். பழையது பார்க்கப் போனால் டேபிள் நடுவில்தான் தேய்ந்திருக்கும். ஜிப்பை நடுவில் சரியாக இறுக்கிவிட்டுக் கோடிக்கு ஓட்டிப் பாருங்கள், லேத் பெட் சோதனையின் அதே தத்துவம். டேபிள் மேல் டிரில் விழுந்த குழிகள் அசிங்கம்தானே தவிர ஆபத்தில்லை. ஸ்பிண்டில் டேப்பருக்குள் விரல் விட்டுத் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

ஸ்பிண்டில் டேப்பர் எது என்பது ஆயுள் முழுக்கக் கூட வரும் முடிவு. எம்.டி.3 டேப்பர் சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் டிரா பாரைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டும். ஆர்8 எளிதாக விடும். ஐ.எஸ்.ஓ. 40 பெரிய மெஷினுக்கு, நம் பழைய சந்தையில் ஹோல்டர்கள் கொட்டிக் கிடப்பதும் இதற்குத்தான். எதுவானாலும் டிரா பாரின் மரை மெட்ரிக்கா அங்குலமா என்று பார்த்துவிட்டு ஹோல்டர் வாங்குங்கள்.

ஓர் இடைச்செருகல்: சமதளமும் நேரான கீவேயும்தான் உங்கள் தேவை என்றால் பழைய ஷேப்பிங் மெஷினை யோசியுங்கள். தொழிற்சாலைகள் கழித்துக் கட்டுவதால் இரும்பு விலைக்கே வரும். மெதுவாகத்தான் போகும், ஆனால் விலை உயர்ந்த கட்டர் எதுவும் வேண்டாம், லேத் டூலே போதும்.

மில்லிங்குக்கான சாமான்: 100 மி.மீ. வைஸ் நல்லதாக ஒன்று, கிளாம்பிங் கிட், பேரலல் ஜோடி, எட்ஜ் ஃபைண்டர், கட்டரைப் பிடிக்கும் ஈஆர்32 காலெட் செட், 6, 8, 10, 12 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். எண்ட் மில். அடிசன் போன்ற நல்ல கட்டர் நான்கு, மலிவான இருபதை விட மேல். கொஞ்சம் காசு மிஞ்சினால் டி.ஆர்.ஓ. (டேபிள் நகர்வை எண்ணில் காட்டும் டிஜிட்டல் டிஸ்ப்ளே) போடுங்கள். லேத்தில் அது ஆடம்பரம், மில்லிங்கில் துளைகளின் இடைவெளியை எண்ணிக் கைப்பிடி சுற்றும் தொல்லை முழுதாகப் போய்விடும்.

மெஷின் வந்ததும் ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி டேபிள் மேல் 200 மி.மீ. வட்டம் சுற்றிப் பாருங்கள். நான்கு திசையிலும் 0.02க்குள் வரும்வரை ஹெட்டைச் சரிசெய்யுங்கள். அடுத்து வைஸின் அசையாத தாடையில் டயல் வைத்து டேபிளை ஓட்டி நேராக்குங்கள். அசையும் தாடையில் அளந்து பயனில்லை. முதல் கட் எடுக்கும்போது டேபிளை கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகவே செலுத்துங்கள். கட்டர் சுற்றும் திசையிலேயே செலுத்தினால் ஸ்க்ரூவில் உள்ள பேக்லாஷ் (வெற்றாட்டம்) அளவுக்கு டேபிளைக் கட்டர் தானாக இழுத்துக்கொள்ளும், 10 மி.மீ. எண்ட் மில் அந்த இழுப்பிலேயே முறியும். டி.ஆர்.ஓ. இருந்தாலும் இதைத் தடுக்காது. 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். கட்டருக்கு எம்.எஸ்.ஸில் 800 ஆர்.பி.எம்., அரை மில்லிமீட்டர் ஆழம், ஓட்டாத மற்ற இரண்டு ஸ்லைடுகளும் லாக்கில். அங்கிருந்து சத்தத்தைக் கேட்டு ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.